பெரில் கொட்டும் டிரம் குறித்து ஈடித் அக்காவுக்கு

மோர்கம்,
18 மார்ச் 1962, ஞாயிறு மதியம்

அன்பும் மதிப்பும் நிறைந்த ஈடித் அக்காவுக்கு,

தம்பி ஆல்பிரட் ஹெஸ்கெத் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் நெல்லியும் பெரிலும் நலம். டொராண்டோவில் நீயும் அத்தானும் தொப்பிக் கடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் முழங்காலுக்காகத் தனியாகவும் ஒரு ஜெபம் செய்திருக்கிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி விஷயம்: என் மகளை உடனே கனடாவுக்கு அழைத்துக்கொள்.

இருபத்து நாலு வயதுப் பெண், எரிவாயு விற்கும் கேஸ் ஆபீஸில் தட்டச்சு வேலை, சபையில் நல்ல பெயர். இதெல்லாம் போன வருஷக் கதை. இப்போது அவள் ஒரு ஜாஸ் குழுவுக்குத் தலைவி. புது ஜாஸ் இல்லை; நம் அப்பா காலத்தில் அமெரிக்காவில் தெருத்தெருவாக வாசித்தார்களாமே, அந்தப் பழைய ஜாஸ். இப்போது இந்த நாட்டு இளசுகளுக்கெல்லாம் அந்தப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது. ஐந்து ஆண்கள் உருண்டைத் தொப்பி போட்டுக்கொண்டு ஊத, நடுவில் என் மகள் டிரம் கொட்டிக்கொண்டே பாடுகிறாள். கையும் சும்மா இல்லை, காலும் சும்மா இல்லை, வாயும் சும்மா இல்லை. இப்படி ஒரு பெண்ணை எவன் கட்டுவான் என்று நெல்லியிடம் கேட்டேன். "மூணும் சும்மா இருக்கிற ஆளை நான் கட்டிக்கிட்டு என்ன கண்டேன்?" என்றாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பெரிய டிரம்மைக் கடற்கரை அரங்குக்குக் கொண்டுபோக ஒரு கை கொடுங்கள் என்று பெரில் கெஞ்சினாள். பெற்ற கடனுக்கு ஆராதனையைக்கூட விட்டுவிட்டுப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை. "கதவை விட அகலமான சாமானை ஏத்தக் கூடாதுன்னு போன வாரம்தானே சார் சுற்றறிக்கை விட்டீங்க? பஸ் இன்ஸ்பெக்டர் நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றான். சரி, நடப்போம் என்று கடலோரச் சாலையில் டிரம்மை உருட்டினோம். அந்தக் காற்றுதான் உனக்குத் தெரியுமே. ஒரு அடி அடித்ததில் டிரம் என் கையை விட்டுத் தானே ஓட ஆரம்பித்தது. நான் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு பின்னால் ஓடினேன். அந்த நேரம் பார்த்து ஆராதனை முடிந்து சபையே வெளியே வந்தது. டிரம்மின் முகத்தில் 'பெரில் ஹெஸ்கெத்தும் ஐந்து கனவான்களும்' என்று சிவப்பில் பெரிதாக எழுதியிருக்கிறது. அது சுற்றிச் சுற்றி வந்ததால் போதகர் மூன்று முறை படிக்க வேண்டியதாயிற்று. "ஹெஸ்கெத், அது உங்க குடும்பப் பேருதானே?" என்றார். மூச்சு வாங்கியதால் இல்லை என்று சொல்லக்கூட முடியவில்லை.

அதுவாவது போகட்டும். பத்து நாள் முன்பு நம் கோயில் காவலாளி எலியாஸ் ரிம்மர் காலமானார். சொந்தம் என்று யாருமில்லாத மனிதர். முப்பது வருஷம் கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, ஆர்கனுக்குத் துருத்தி அடித்தவர். தலையணைக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. 'என்னைத் தூக்கிட்டுப் போறப்போ பெரில் பாப்பா கொட்டணும், பாடணும். ஆர்கன் வேண்டாம். அதுக்கு நான் அடிச்ச காத்து போதும்.' சனிக்கிழமைதோறும் அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவள் பாட்டைக் கேட்டிருக்கிறார், அக்கா! எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

போதகர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க சபை மூப்பர். மகளைத் தடுக்கிறது உங்க பொறுப்பு," என்றார். வீட்டுக்குப் போனால் பெரில் சின்ன டிரம்முக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அடக்கத்துக்கு டிரம்மா? ஊரு சிரிக்கும்மா."

"எலியாஸ் மாமா வாழ்நாள்ல வாய் விட்டுக் கேட்டது இது ஒண்ணுதாம்ப்பா. முடியாதுன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? அவர் கிட்டயா?"

"என்னை மூப்பர் பதவியிலேர்ந்து எடுத்துடுவாங்க."

சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த நெல்லி, "எடுக்கட்டுமே. ஞாயித்துக்கிழமை பாத்திரம் துடைக்க எனக்கு ஒரு ஆள் ஆச்சு," என்றாள்.

வியாழக்கிழமை அடக்கம். தூறல். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். பெரில் முன்னால் நடந்தாள். துணி கட்டிய டிரம்மில் ஒரு அடி. பிறகு நாங்கள் இரண்டு எட்டு வைக்கும்வரை மௌனம். மறுபடி ஒரு அடி. அதன் மேல் நம் பழைய ஞானப்பாட்டு ஒன்றை மெதுவாகப் பாடினாள். நல்ல குரல் என்று சொல்ல மாட்டேன். கரகரப்பு. நம் அம்மா மீன்காரனைக் கூப்பிடுவாளே, அதே குரல். ஆனால் அந்த மௌனம் வரும்போதெல்லாம் நான் அடுத்த அடிக்குக் காத்திருந்தேன். கன்னம் நனைந்ததற்கு மழையைக் காரணம் சொன்னேன். பக்கத்தில் தூக்கி வந்தவன் குடையோடு வந்தவர்களைக் காட்டி, "மழை நின்னு அஞ்சு நிமிஷம் ஆச்சு சார், எல்லாரும் குடையை மடக்கிட்டாங்க," என்றான்.

குழியை மூடித் திரும்பும்போதுதான் வினை. அடக்கம் முடிந்து திரும்பும்போது குதூகலமாக ஊதுவது அந்தப் பழைய ஜாஸ்காரர்கள் வழக்கமாம். பெரில் டிரம்மின் துணியை அவிழ்த்தாள். கூட்டத்தோடு வந்திருந்த ஐந்து கனவான்களும் ஒரே மூச்சில் ஊதினார்கள். டிராம்போன் ஊதுகிறவன் பிளம்பர் சிரில்; அவன் நீட்டிய குழாய் பட்டுப் போதகரின் தொப்பி பறந்து வேலிக்கு அப்பால் ஆட்டு மந்தைக்குள் விழுந்தது. எழுபத்து மூன்று வயது மிஸ் பிக்கர்ஸ்டாஃப் குடையைத் திரும்ப விரித்துக்கொண்டு ஆடினாள். தொப்பியில்லாத போதகரின் வலது கால் அங்கிக்குள் தாளம் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதுதான் அக்கா ஆபத்து. கேட்கச் சகிக்காமல் இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். மறுநாளே நாலு பேர் வந்து தங்கள் அடக்கத்துக்கு முன்பதிவு கேட்டார்கள். அதில் மூன்று பேருக்குத் தலைவலிகூடக் கிடையாது. இவள் கேஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிடப் போகிறாளாம். ஆகவே ஒரே ஒரு கப்பல் டிக்கெட் அனுப்பு. உன் கடையில் நிற்கட்டும். அந்தக் கையில் குச்சி இல்லாமல் ஆறு மாதம் போனால் எல்லாம் சரியாகிவிடும். வேண்டுமானால் பாடட்டும். டிரம்தான் ஆகாது.

உனக்கும் அத்தானுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், படியேறும் முழங்காலும் அருள்வாராக. நெல்லி தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். இந்தக் கடிதத்தில் உள்ள வேறெதிலும் தனக்குச் சம்மதமில்லை என்றும் சொல்லச் சொன்னாள்.

உன் பாசமுள்ள தம்பி,
ஆல்பிரட்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பிளாக்பூலிலிருந்து ஒரு நடன அரங்கத்தின் மேனேஜர் காரில் வந்து இறங்கினார். கோடைக்காலம் முழுவதும் குழுவுக்கு வேலையாம். ஒரே நிபந்தனை: "டிரம்முக்கு ஒரு ஆம்பளையைப் போட்டுக்கலாம். பொண்ணு பளபளன்னு கவுன் மாட்டிக்கிட்டு முன்னாடி நின்னு பாடினாப் போதும்." நான் கேட்ட வரமேதான். பெரில் தரையைப் பார்த்தபடி கையிலிருந்த குச்சிகளை மேசையில் வைத்தாள். யாரோ கத்தும் சத்தம் கேட்டது. "என் பொண்ணு கையிலேர்ந்து குச்சியைப் பிடுங்க நீ யாருய்யா? அவ கொட்டுனாதான் பாடுவா. வாசல் அந்தப் பக்கம்!" கத்தியது நான்தான். மனிதர் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஆகவே டிக்கெட் வேண்டாம். டொராண்டோவில் ஆறு பேர் வாசிக்க நல்ல அரங்கம் ஏதாவது இருந்தால் மட்டும் விசாரித்து எழுது. மேலே உள்ளதைப் படிக்காமல் விட்டுவிடு. திரும்ப எழுத நேரமில்லை. பெரில் மாடியில் கொட்டிக்கொண்டிருக்கிறாள், மேசையே குதிக்கிறது. இந்தக் கடைசி வரிகளில் என் எழுத்து ஆடுவதற்கு அதுதான் காரணம். வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.