பண்பாடு பரிமாறுபவர்

மலேசியாவில் எங்கள் ஈப்போவின் சுண்ணாம்புக் குகைகளில் வௌவால்களைப் பார்க்கலாம். பழைய டவுனில் வெள்ளைக் காப்பிக்கு வரிசை பிடித்து நிற்பவர்களைப் பார்க்கலாம். வெளிநாட்டுத் தன்னார்வலர் ஒருவரை எங்காவது உட்காரவைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றீர்களானால், பண்பாடு பரிமாறுபவரையும் பார்க்கலாம். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார். கையில் வேட்டி இருக்கும்.

பண்பாட்டுப் பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவருக்கு அது பந்தியில் பரிமாறுகிற வேலை. பரிமாறுகிறவர் உட்கார்ந்து சாப்பிடுவாரா? மாட்டார்.

எங்கள் மகேந்திரன் அண்ணனையே எடுத்துக்கொள்வோம். காடிகளுக்கு, அதாவது கார்களுக்கு, இருக்கை உறை தைக்கும் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். சுங்கை சிப்புட் போகிற வழியில் அவர் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் இப்போது எண்ணெய்க்கான செம்பனைதான் நிற்கிறது. மிஞ்சியிருக்கும் மண்டபத்தில் ஒரு தொண்டு அமைப்பு மாலை வகுப்பு நடத்துகிறது. பாடம் சொல்லித்தரப் பல நாட்டு இளைஞர்கள் வந்து போகிறார்கள். வந்த களைப்புத் தீருமுன் அண்ணன் பிடித்துவிடுவார். ஜெர்மன்காரப் பையன் ஒருவனுக்கு வேட்டி கட்டி, அது இடுப்பில் நிற்காமல் போகவே கடையிலிருந்த சீட் பெல்ட்டை வைத்து இறுக்கி, கோயிலுக்கு இழுத்துப் போய், குங்குமத்துக்கு ஒரு விஞ்ஞானம் சொல்லி, வாழையிலைக்கு ஒரு விஞ்ஞானம் சொல்லி, இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்பதற்கும் ஒரு விஞ்ஞானம் சொல்லி, ஒவ்வொரு கவளத்துக்கும் “நைஸ்? நைஸ்?” என்று கேட்டுப் படமெடுத்து வாட்சாப் குழுவில் போட்ட பிறகுதான் அவனை மூச்சுவிட அனுமதித்தார். அவன் ஊரைப் பற்றி ஏதாவது கேட்டாரா? நேரம் ஏது?

பேமாவும் இப்படித்தான் மாட்டினாள். பூட்டான் நாட்டுப் பெண். பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். அவர்களிடமிருந்து தமிழைப் பொறுக்கிக்கொண்டாள். அண்ணன் வீட்டில் பாகற்காய் வைத்தாலும் சாப்பிட்டாள், மீன்தலைக் கறியைக் கண்ணோடு வைத்தாலும் சாப்பிட்டாள். அண்ணனோ எல்லா மேடைகளிலும் அவளை ‘நேப்பாளச் சகோதரி’ என்றே அறிமுகப்படுத்தினார். முதலில் திருத்திப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

அவள் ஊர் திரும்பும் நாள் வந்தது. வழியனுப்பு விழா அண்ணன் பொறுப்பு. பேமா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அங்கிள், அன்னிக்கு எங்க ஊரு சாப்பாடு நான் சமைக்கிறேன். எல்லாரும் சாப்பிடணும்.”

“செய்யேன்லா!” என்றார் அண்ணன். அதோடு மறந்தும் போனார்.

விழா நாளன்று கோலாட்டம், சிலம்பம், அண்ணனின் உரை, அண்டா நிறையப் பிரியாணி, மறுபடியும் அண்ணனின் உரை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் பேமாவின் சட்டி மூடியபடியே இருந்தது. பக்கத்தில் அவள். மூடியைத் திறப்பாள், ஆவி அடங்கிவிட்டதா என்று பார்ப்பாள், மூடுவாள். அண்ணனின் மனைவி புஷ்பலதா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒலிவாங்கியோடு நின்ற கணவரிடம் போனார்.

“ஏங்க, அந்தப் புள்ள காலையிலேருந்து சட்டிய காத்துக்கிட்டு நிக்கிது. போயி ஒரு வாய் சாப்பிடுங்க.”

“எனக்குத்தான் கேஸ்ட்ரிக் இருக்குல்ல லதா. அதுல என்னத்தப் போட்டுருக்கோ!”

ஒலிவாங்கியை அணைக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. பிள்ளைகளிடம் பொறுக்கிய தமிழ் போதுமாயிருந்தது, பேமாவுக்கும் புரிந்தது.

அவள் ஒரு தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

“உங்க வீட்டுல நான் எல்லாம் சாப்ட்டேன் அங்கிள். என்ன போட்டுருக்குன்னு கேக்கல.”

அண்ணனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. எந்த விஞ்ஞானமும் கைகொடுக்கவில்லை. தட்டை வாங்கினார். சிவப்பரிசிச் சோறு, அதன்மேல் சீஸில் வெந்த ஏதோ பச்சைக் காய். பீன்ஸ் என்று நினைத்து வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டார்.

பச்சை மிளகாய். பூட்டானில் அதுதான் காய்கறி.

முதலில் கண் பொங்கியது, அப்புறம் மூக்கு, அப்புறம் வழுக்கைத் தலை மொத்தமும். ஒலிவாங்கியில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “ஹா” என்று காற்றுதான் வந்தது. பிரிவுத் துயரம் என்று நினைத்து முன்வரிசைப் பிள்ளைகளும் விசும்பத் தொடங்கினார்கள். விஷயம் தெரிந்த பேமாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அவரை உட்காரவைத்துப் பால் கொடுத்தாள். ஆளில்லாமல் கிடந்த ஒலிவாங்கியைத் தான் எடுத்துக்கொண்டாள்.

பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசினாள். இலையுதிர் காலத்தில் அவள் கிராமத்துக் கூரைகளெல்லாம் சிவப்பாகிவிடும், அத்தனையும் காயப்போட்ட மிளகாய் என்றாள்.

“எங்க லயத்துலயும் தகரக் கூரையிலதான் மொளகா காயும்லா!” என்று பின்னாலிருந்து கத்தினார் தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்த இருளாயி அக்கா. “ஒங்க ஊருல கொரங்கு வருமா?”

“வரும் அக்கா! எங்கம்மா செருப்பு எடுத்து வீசுவாங்க!”

மண்டபம் சிரித்தது. சட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. அடிப்பிடித்ததுகூட மிஞ்சவில்லை.

பால் குவளையும் கையுமாக அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை, நாக்கு இன்னும் அவர் வசம் வரவில்லை. வந்ததும் மெல்லக் கேட்டார்: “பூட்டான்ல ஒங்கப்பா என்ன வேல செய்றாரும்மா?”

“பஸ் ஓட்டுறாரு அங்கிள். மலை ரோடு.”

“மலை ரோடா? சீட்டு ஒறை சீக்கிரம் கிழிஞ்சிருமே! என்ன துணி போடுறாங்க?”

பேமா சொல்லச் சொல்ல அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பேமாவை ரயில் நிலையத்துக்கு ஏற்றிப்போக வந்த காடி வெளியே ஹாரன் அடித்து ஓய்ந்தது. கடைசியில் புஷ்பலதா அக்காதான் இருவரையும் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று.

அண்ணன் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அடுத்து வந்த பிரேசில் பையனிடம் ஊர், குடும்பம், சாப்பாடு எல்லாம் பொறுமையாக விசாரித்தார். அதற்கப்புறம்தான் வேட்டியைக் கட்டினார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தாரே ஒரு வெளிநாட்டு நண்பர், அவர் எந்த ஊர்க்காரர்? நினைவில்லையா? சொல்லத்தான் வாயைத் திறந்தார் அவர். அந்த வாயில் முறுக்கைத் திணித்தது யார்?