அமரர் ஊர்தியில் கேமரா மாட்டிய கட்டாப்பு

விழுப்புரம் மாவட்டத்திலேயே, செத்துப்போனவர்களிடம் சொல்லிவிட்டு பிரேக் போடுகிற ஒரே மனிதர் கட்டாப்புதான். "ஐயா, பள்ளம் வருது, பாத்துக்கோங்க" என்பார், பின்பக்கம் லேசாகத் திரும்பி. பின்னால் படுத்திருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டத்தையெல்லாம் தாண்டியவர். கூட உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும் உறவுக்காரர்கள்தான் சட்டென்று அழுகையை நிறுத்திக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.

திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதை விற்கும் ஒரு கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் மேசைக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே, வாதா மரத்தடியில், அவருடைய வண்டி. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது 'அமரர் ஊர்தி' என்ற எழுத்து. அப்படி ஓர் இடத்தில் வேலை பார்ப்பவனுக்குப் பதவி உயர்வு பற்றிய கவலையெல்லாம் தானாகவே குறைந்துவிடும்.

ஆள் ஒல்லி, உயரம், எப்போதும் வெள்ளைச் சட்டை. தொழில் பழக்கத்தில் குரல் தணிந்துவிட்டது. ஓட்டலில் உட்கார்ந்து, "அண்ணே… ரெண்டு பரோட்டா…" என்று அவர் சொல்கிற விதத்தில், பரோட்டா போடுகிறவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்பார்.

கேமரா வந்தது ஒரு மூக்குத்தியால். ஓர் அம்மாவை ஏற்றிப் போனபோது மூக்குத்தியைக் காணவில்லை என்று இவரைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அது அந்த அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு கிடைத்தது. மன்னிப்பு கேட்க யாரும் வரவில்லை. மறுநாளே வண்டியின் முன் கண்ணாடியில் ஒரு கேமராவை மாட்டினார். ஒரு கண் சாலையைப் பார்க்கும், இன்னொரு கண் வண்டிக்குள்ளே பார்க்கும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். எஞ்சின் நின்ற பிறகும் கேமரா விழித்திருக்க வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்க வேண்டும். இழுத்தால் அது பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் வண்டி கிளம்பாது. அதற்காக நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா. பேட்டரியின் வோல்டேஜ் நாம் வைத்த எண்ணுக்கு இறங்கியதும் அது கேமராவை அணைத்துவிடும். மேலே பன்னிரண்டு புள்ளி நாலு, கீழே பதினொன்று புள்ளி எட்டு, நடுவில் இரண்டு எண்கள். மேலே வைத்தால் கேமரா சீக்கிரம் தூங்கிவிடும், வண்டி உறுதியாகக் கிளம்பும். கீழே வைத்தால் கேமரா நெடுநேரம் விழித்திருக்கும், வண்டி கிளம்புவது ஆண்டவன் செயல்.

எந்த எண்ணில் வைப்பது என்பதே அவர் வாழ்க்கையாகிவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் 'கட்-ஆஃப்' எண்ணைப் பற்றியே பேசினார். அது அவர் வாயில் 'கட்டாப்பு' ஆகி, கடைசியில் அவருக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. மகளுக்கு நர்சிங் சீட் தேடிய ஓர் அம்மா, கட்-ஆஃப் பற்றி நன்றாகச் சொல்வாராமே என்று அவரைத் தேடி வந்ததும், வந்த வேகத்தில் வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் எங்கள் தெருவில் நடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலுக்கு வந்து போனில் காட்சிகளைக் காட்டுவார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. காலியான வண்டி, காலியான பலகை, அதன்மேல் மடித்து வைத்த வெள்ளைத் துணி. ஒரு நாள் காட்டியதில் அந்தத் துணியின் ஓரம் மெல்ல எழுந்தது, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு படிந்தது.

"காத்து சார்" என்றார்.

"கண்ணாடியெல்லாம் மூடியிருக்கே?"

"உள்ளியே கீற காத்து."

அன்று என் தயிர்சாதம் பாதியோடு நின்றது.

ஆரம்பத்தில் பேட்டரிக் கடைக்காரர் சொன்னபடி பன்னிரண்டு புள்ளி நாலில் வைத்திருந்தார். ஓமந்தூர் பக்கம் ஒரு ஊரில் ஒரு கிழவியை வண்டியில் ஏற்றியாயிற்று. மூத்த மகன் வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். மேளம் ஓய்ந்த ஒரு நிமிடத்தில், மூடிய வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது.

"லோ வோல்டேஜ். குட் பை."

கேமரா அணையும்போது சொல்கிற வாசகம் அது. அந்தக் குரலை நிறுத்த இவருக்குத் தெரியவில்லை, மெனு முழுக்கச் சீன எழுத்து. ஆனால் அந்த வாசலில் நின்றவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? மேளக்காரர் மேளத்தை விட்டுவிட்டு ஓடினார். ஒப்பாரி வைத்தவர்கள் கொல்லைப்பக்கம் போனார்கள். வண்டிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றவர் கிழவியின் புருஷன் மட்டும்தான்.

"இது அவ இல்ல" என்றார் அவர். "அவ ஒரு நாளும் என்கிட்ட சொல்லிக்கினு கெளம்புனது கெடையாது."

அதிலிருந்து எண்ணைக் கீழே இறக்கினார் கட்டாப்பு. இரும்பை என்ற ஊர்ப் பக்கம் ஒரு சாவுக்குப் போனபோது வண்டி கிளம்பவில்லை. பாடை தூக்க வந்த பங்காளிகள் வண்டியைத் தள்ளினார்கள். பேட்டரிக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, "எதுனா ஒரு நம்பர்ல நில்லுய்யா" என்றார்.

நிற்கவில்லை. வண்டியில் ஏறுகிற ஆளைப் பார்த்து எண்ணை மாற்ற ஆரம்பித்தார். ஒரு நாள் காரணம் கேட்டேன்.

"சொந்தக்காரங்க நெறைய பேரு கீறாங்கன்னா பன்னெண்டு நாலு போதும் சார், சுத்தி ஆளுங்க கீறாங்க இல்ல. யாரும் இல்லாதவங்கன்னா பதினொன்னு எட்டு. நான் டீ குடிக்கப் போயிட்டா அதுவாச்சும் பாத்துக்கினு இருக்கும்ல."

"பார்த்து என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆவாது. தனியா உடக்கூடாது, அவ்ளோதான்."

அந்தச் சித்திரை வெயில் நாளை மறக்க முடியாது. உச்சிப்பொழுது. தெருவில் நாய்கூட இல்லை. விழுப்புரத்திலிருந்து வந்த வண்டி வாதா மரத்தடியில் நின்றது. உள்ளே ஏழுமலை என்ற முதியவர். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரர். விழுப்புரத்தில் மகள் வீட்டில் காலையில் எழுந்திருக்கவில்லை. பக்கத்துத் தெரு கம்பவுண்டர் கையைப் பிடித்துப் பார்த்து முடிந்துவிட்டது என்றிருக்கிறார். சொந்தக் குப்பத்தில் அடக்கம் செய்யக் கொண்டுபோகிறார்கள். கூட வந்தது மகள் செல்வியும் மருமகனும் மட்டும். சென்னையிலிருந்து மகன் பஸ்ஸில் வருகிறான், இங்கே ஏற்றிக்கொள்ள வேண்டும். பஸ் வந்தபாடில்லை.

அழுது அழுது செல்விக்கு மயக்கம் வரும் போலிருந்தது. கட்டாப்பு அவர்கள் இருவரையும் பக்கத்து ஜூஸ் கடைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். போகுமுன் வண்டிக்குள் குனிந்து எண்ணைக் கீழே தள்ளியதை ஜன்னல் வழியே பார்த்தேன்.

வெகுநேரம் கழித்து வண்டிக்குள்ளிருந்து அந்தப் பெண் குரல் வந்தது. இந்த முறை வேறு வாசகம்.

"மோஷன் டிடெக்டட்."

உள்ளே ஏதோ அசைகிறது என்று அர்த்தம். நான் பேனாவை வைத்தேன். தெருவில் காற்றே இல்லை. வாதா இலை ஒன்றுகூட ஆடவில்லை. மறுபடி, "மோஷன் டிடெக்டட்." கொஞ்சம் விட்டு, மறுபடி.

கட்டாப்பு வண்டியிடம் போய்ப் பார்த்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார். முகம் சட்டையைவிட வெளுத்திருந்தது.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க. எனக்குக் கண்ணு சரியில்லியா தெரியல."

கேமராவின் சின்னத் திரையில் ஏழுமலையின் தலையும் நெஞ்சும் மாலையும் தெரிந்தன. மாலையில் ஒரு ரோஜா மெல்ல உயர்ந்தது. நின்றது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. ரோஜா இறங்கியது.

"அந்தப் பொண்ண கூப்பிடறேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சார். நம்ம பார்த்தது தப்பாப் போச்சுன்னா, அந்தப் பொண்ணுக்கு ஒரே நாள்ல ரெண்டு தபா அப்பா செத்த மாதிரி ஆயிடும்."

பின்கதவைத் திறந்து ஏறினார். நான் கீழேயே நின்றேன். என் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, முதியவரின் மூக்கடியில் பிடித்தார். கண்ணாடியின் ஓரம் பனி படர்ந்தது போல மங்கியது.

அப்போதுதான் செல்வியைக் கூப்பிட்டார். ஓட்டுநர் இருக்கைக்குத் தாவிச் சாவியைத் திருகினார். கிர்ரென்று ஒரு முனகல். பிறகு ஒன்றுமில்லை.

"லோ வோல்டேஜ். குட் பை."

அந்தக் குரலை நான் அதற்கு முன்பும் பின்பும் அப்படி வெறுத்ததில்லை. எண்ணை மேலே வைத்திருந்தால் வண்டி கிளம்பியிருக்கும், ஆனால் அந்த ரோஜாவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கீழே வைத்ததால் பார்த்தோம், வண்டி நின்றுவிட்டது.

அன்றுதான் கட்டாப்பின் முழுக் குரலை ஊர் கேட்டது.

"தள்ளுங்கடா டேய்! ஜல்தி!"

நான், மருமகன், ஜூஸ் கடைக்காரர், எங்கள் மேனேஜர், செல்வி, ஐந்து பேரும் தள்ளினோம். கூப்பிட்டும் வேறு யாரும் வரவில்லை. சாவு வண்டி போகிறது என்று பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார்கள். "உயிரு கீதுய்யா" என்று மேனேஜர் கத்தினார். அதைக் கேட்டுக் கும்பிட்டவர்களும் ஓடிவிட்டார்கள். பாலத்துச் சரிவில் வண்டி உதறிக்கொண்டு உயிர் பெற்றது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டி, "மார்ச்சுவரி அந்தப் பக்கம்" என்றார்.

"இவரு இன்னும் அந்தப் பக்கம் போவல" என்று சொல்லிவிட்டு அவசரப் பிரிவுக்கே விட்டார் கட்டாப்பு.

சர்க்கரை மிகவும் இறங்கிப் போயிருந்ததாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறார். ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏறியது. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். செல்வி, அப்பா மேலிருந்து எடுத்த மாலையைக் கையில் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தாள். டாக்டர் வெளியே வந்து கண் திறந்துவிட்டார் என்றதும் கட்டாப்பு எழுந்தார்.

"மனுசனுக்கு எத்தினில கட்டாவும் டாக்டர்?"

டாக்டருக்குப் புரியவில்லை. எந்த எண்ணுக்கு இறங்கினால் மனிதன் அணைந்துபோவான் என்று கேட்கிறார் என நான் விளக்கினேன். சிரித்துவிட்டு, "அது ஆளுக்கு ஆள் மாறும்ங்க" என்றார்.

"அதான் சார்" என்றார் கட்டாப்பு என்னிடம். "நானும் அதத்தான் சொல்லிக்கினு கீறேன்."

மகன் ஆளுயர மாலையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்து, "இன்னாடா, யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

சில வாரம் கழித்து ஏழுமலை வாதா மரத்தடிக்கு வந்தார். தான் படுத்திருந்ததைப் பார்க்க வேண்டுமாம். கட்டாப்பு தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார். தலையில் கட்டிய துணியும் நெற்றியில் காசுமாகத் தன் உடம்பையே பார்த்துக்கொண்டு அந்த மனிதர் வெகுநேரம் நின்றார்.

"எங்க அப்பன் மாதிரியே கீறேன்" என்றார் மெதுவாக. பிறகு, "அழிச்சிடு தம்பி. என் பொண்ணு பார்க்க வேணாம்."

அழித்தார். அதன் பிறகு சந்தைக்கு வரும்போதெல்லாம் ஏழுமலை கருவாடு கொண்டுவந்து, வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அவர் முன்பு அதே வண்டியில் பின்னால் படுத்து வந்த விவரம் தெரிந்தவர்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போவார்கள்.

போன வருஷம் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏற்றிவிட கட்டாப்பு வந்திருந்தார். எத்தனையோ பேரைக் கடைசிப் பயணம் அனுப்பியவர், உயிரோடு கிளம்புகிற ஒருவனை எப்படி அனுப்புவது என்று தெரியாமல் கையைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பஸ் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க சார்."

அவர் தொழிலில் யாரிடமும் சொல்ல முடியாத வார்த்தை அது. சேலம் வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. விழுப்புரம் வருவதற்குள்ளேயே கூப்பிட்டுவிட்டேன்.