பக்கத்து வீட்டுக்குப் பயணம் போன பாஸ்போட்

அன்றைக்கு எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு பையைப் பக்கத்து வீட்டில் வைப்பிக்க வேண்டும்.

அவ்வளவுதான். அதைக்கூட நான் தூக்க வேண்டியதில்லை. அதையே நான் எப்படிக் குழப்பினேன் என்பதுதான் கதை.

எழுபதுகளின் தொடக்கம். சுன்னாகத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. இவர், என் புருசன், கணக்கு வாத்தியார். சாம்பியாவில் வேலை கிடைத்துப் போய் ஒன்பது மாதம். நான் மூன்று பிள்ளைகளோடு பின்னால் போக வேண்டும். மூத்தவள் வாசுகிக்கு ஏழு வயது, கண்ணனுக்கு நாலு, சின்னவனுக்குப் பத்து மாதம். சின்னவன் பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு முடிந்த கையோடு இவர் பிளேன் ஏறினவர். "பிள்ளை என்னை ஆரெண்டு கேக்கப்போறான்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார்.

சனிக்கிழமை காலமை ரெயில். ஞாயிறு மத்தியானம் கொழும்பில் பிளேன்.

சாத்திரியார் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சனிக்கிழமை நல்லாயில்லைப் பிள்ளை. வியாழன் விடிய ஆறரைக்குள்ளை வெளிக்கிட வேணும்."

"அப்ப சாத்திரியாரையே பிளேன் கொம்பனியோடை கதைக்கச் சொல்லன்!" என்றார் என் சின்னண்ணை.

சின்னண்ணைக்குக் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை. கோயிலும் இல்லை, சாத்திரமும் இல்லை. ஆனால் கோயில் மோதகம் என்றால் முதல் கை அவருடையதுதான்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி இருந்தது. ஆள் போக முடியாவிட்டால், நல்ல நேரத்தில் ஆளின் பையை வாசல் படலை தாண்டி அயல் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை வெளிக்கிட்டால் பயணம் வெளிக்கிட்ட மாதிரி. பிறகு போகிற நாளில், போகிற வழியில் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு கட்டுப்பாடு மட்டும். வெளியில் போன பை திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் பயணமும் திரும்பி வந்துவிடும்.

எல்லாரும் ஒரு பழைய சீலையைப் போட்டு வைப்பார்கள். நான் யோசித்தேன். உடுக்காத பழஞ்சீலையை வைத்துவிட்டு "பயணம் வெளிக்கிட்டிட்டுது" என்று சொன்னால், பிள்ளையாருக்கு விளங்காதா? கடவுளைப் பேய்க்காட்டலாமா?

உண்மையான பயணம் எது? பாஸ்போட்!

வைத்தேன். பிள்ளைகளின் பேர்களும் பதிந்த பாஸ்போட், பிளேன் ரிக்கற், மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை, மேலே பிள்ளையார் படம், ஒரு பொட்டலம் திருநீறு. பைக்குச் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்தேன். என் பக்தியை நினைக்க எனக்கே கண் கலங்கியது.

வியாழன் விடிய ஆறு பத்துக்குச் சின்னண்ணை அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பூமணி அக்கா வீட்டில் வைத்தார். பூமணி அக்கா பக்கத்து வளவு. கைராசிக்காரி என்று பேர்.

பத்து மணிக்குச் சின்னண்ணை பயணத்துக்கு நிரப்ப வேண்டிய ஒரு ஃபோமோடு வந்தார்.

"பாஸ்போட்டை எடு. நம்பர் எழுத வேணும்."

"அது வெளிக்கிட்டிட்டுது அண்ணை."

"எங்கை வெளிக்கிட்டது?"

"பக்கத்து வீட்டுக்கு."

சின்னண்ணை பேனையை மூடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எடி பிள்ளை, நான் தூக்கினது பாஸ்போட்டையே?"

"ஓம்."

"போய் எடுத்தண்டு வா."

"ஐயோ, திரும்பி வரக்கூடாது!"

கடைசியில் பூமணி அக்கா பாஸ்போட்டோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாசிக்க, சின்னண்ணை இந்தப் பக்கம் நின்று எழுதினார். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனபடியால் குரல் பெரிசு. நம்பரோடு நிற்கவில்லை. பிறந்த திகதியையும் வாசித்தா. என்னுடைய சரியான வயது ஒழுங்கையில் இருந்த எல்லா வீட்டுக்கும் தெரியவந்தது அன்றைக்குத்தான்.

சரி, போகட்டும். பயணம் நல்லாக இருந்தால் போதும் என்று தேவாரம் படித்துவிட்டுப் படுத்தேன்.

சனி விடிந்தது. கார் வந்தது. பெட்டிகள், பிள்ளைகள், மிளகாய்த்தூள் பேணி எல்லாம் ஏற்றியாயிற்று. பூமணி அக்கா படலையில் காரை நிற்பாட்டினோம்.

படலையில் பூட்டு.

"அக்கா! பூமணி அக்கா!"

நாய் மட்டும் வந்து பார்த்தது.

"நாங்கள் எடுக்க மறப்பமெண்டு பையை ஸ்ரேசனுக்குக் கொண்டுபோயிருப்பா" என்றேன். நான் எப்போதும் நல்லதைத்தான் நினைப்பேன். அதுதான் என் வருத்தமே.

ஸ்ரேசனில் ஊரே நின்றது. பூமணி அக்கா எல்லாருக்கும் முன்னால், கையில் பருத்தித்துறை வடைப் பார்சலோடு, கண்ணீரோடு.

"என்ரை பிள்ளை! போயிட்டு வாடி!"

"அக்கா, பை எங்கை?"

"பையோ? சாமி அறையிலை பத்திரமா இருக்கு."

"ஏனக்கா கொண்டு வரேல்லை?"

"நான் படலை தாண்டக் கொண்டுவந்தா உன்ரை பயணம் எனக்கெல்லோ வந்திடும்! சாம்பியாவிலை எனக்கு என்னடி வேலை?"

"அப்ப நீங்கள் வீட்டிலை நிண்டிருக்கலாமே!"

"நிண்டா முன்னுக்கு இடம் கிடைக்குமே? சனத்தைப் பார்!"

சின்னண்ணை அக்காவின் இடுப்பில் தொங்கிய பூட்டுத் திறப்புக் கோர்வையைப் பிடுங்கினார். அந்த நேரம் பார்த்து ரெயில் கூவியது.

"நீ பிள்ளையளோடை ஏறு! யாழ்ப்பாணத்திலை பிடிக்கிறன்!"

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ரெயில் வெளிக்கிட்டது. பூமணி அக்கா யன்னலால் வடையைத் தந்தா. பாஸ்போட்தான் இல்லை, வடை இருந்தது.

எதிரில் இருந்த ஒரு அம்மா கேட்டா: "எங்கை தங்கச்சி போறியள்?"

நான் வாய் திறக்க முதல் கண்ணன் சொன்னான்: "சாம்பியாவுக்கு. எங்கடை பாஸ்போட் வியாழக்கிழமையே போயிட்டுது."

"அப்பாவிட்டையோ?"

"இல்லை, பூமணி மாமி வீட்டை."

அந்த அம்மா தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டா.

சின்னவன் என் மடியில் வடையைச் சப்பிக்கொண்டு இருந்தான். இந்தப் பிளேனை விட்டால் அடுத்த ரிக்கற் எப்போது வருமோ, ஆருக்குத் தெரியும்? தகப்பன் பார்க்க முதல் பிள்ளை மீசை வளர்த்துவிடுவான் என்று பட்டது. கண்ணை மூடிக் கும்பிட்டேன். "பிள்ளையாரப்பா, பதினொரு தேங்காய் அடிக்கிறன்."

யாழ்ப்பாணம் வந்தது. ரெயில் கனநேரம் நின்றது. நான் யன்னலுக்கு வெளியே அரைவாசி ஆளாகத் தொங்கினேன். சின்னண்ணை இல்லை. ரெயில் அசைந்தது. "ஐம்பத்தொரு தேங்காய்!"

நாவற்குழிப் பாலம் கடந்தது. "நூற்றொண்டு!"

சாவகச்சேரி வந்தது. இன்னும் ஒரு ஸ்ரேசன் போயிருந்தால் கோயிலுக்கு மதில் கட்டித் தருவதாகச் சொல்லியிருப்பேன். நல்லகாலம், அதோ, சின்னண்ணை! ஒரு காலில் செருப்பில்லை. போட்டிருந்த சேட்டு முழுக்கச் சந்தனம். ரெயில் வெளிக்கிட ஓடிவந்து, யன்னலால் ஒரு பையை உள்ளே எறிந்தார்.

மண்ணிறத்து ரெக்சின் பை. எங்களுடையது!

"அண்ணை, நீங்கள் நல்லாயிருக்க வே..."

இன்னொரு பை வந்து விழுந்தது. அதுவும் மண்ணிற ரெக்சின், அதுவும் சந்தனம். பிறகு மூன்றாவது. நாலாவது என் நெற்றியில் பட்டது. கடைசியாகச் சின்னண்ணையும் தாவி ஏறினார்.

"அண்ணை, இதெல்லாம் ஆரின்ரை பையள்?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" மூச்சு வாங்கினார். "அந்த மனிசியின்ரை சாமி அறை ஒரு பஸ் ஸ்ராண்ட்! ஊரிலை பயணம் போற எல்லாரின்ரை பையும் அங்கைதான் கிடக்கு. எல்லாம் ஒரே கடைப் பை. திறந்து பாக்க நேரமில்லை. அள்ளியண்டு வந்திட்டன்."

இரண்டாவது பையில் பாஸ்போட் இருந்தது. அதை எடுத்து நெஞ்சோடு அணைத்தேன். அழுதேன், சிரித்தேன். எதிர் அம்மாவுக்கு வடை கொடுத்தேன். வாங்கவில்லை.

ஆக, சாத்திரத்தை நம்பாத எங்கள் சின்னண்ணை ஒரே மூச்சில் நாலு பேரின் பயணத்தைப் படலை தாண்ட வைத்துவிட்டார்.

பாஸ்போட், ரிக்கற், ஊசி அட்டை மூன்றையும் கைப்பைக்குள் வைத்து, கொழும்பு போய்ச் சேரும் மட்டும் அதை ஒருவரிடமும் கொடுக்கவில்லை. அடுத்த நாள் கொழும்பில் சின்னண்ணை மற்ற மூன்று பையையும் ஊருக்குக் கொண்டுபோக எடுத்துக்கொண்டார். நான் எங்களுடையதைப் பெட்டிகளோடு போட்டேன். எங்களுடையது என்றுதான் போட்டேன்.

சாம்பியாவில் இறங்கினோம். இவர் கையை நீட்டினார். சின்னவன் அவரைப் பார்த்துவிட்டு வீரிட்டுக் கத்தி, பக்கத்தில் பெட்டி தூக்க நின்ற போட்டரின் கழுத்தைக் கட்டிப்பிடித்தான். இவர் முகம் சுருங்கிப் போனது. ஒரு கிழமை வாழைப்பழம் கொடுத்துத்தான் மகனைச் சரிப்படுத்தினார்.

வீடு பெரிய வீடு. கரண்ட் அடுப்பு. தொட்டதெல்லாம் சுட்டது, சுட வேண்டியது மட்டும் சுடவில்லை. முதலில் சாமியை வைப்போம், பிறகு அடுப்பைப் பார்ப்போம் என்று பையைத் திறந்தேன்.

உள்ளே ஒரு எட்டு முழ வேட்டி. ஒரு சால்வை. பாக்கு இடிக்கிற சின்ன உரல்.

இவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இவர் நாலு முழத்துக்கு மேல் ஒருநாளும் கட்டினதில்லை.

"உவர் ஆரப்பா?" என்று கேட்டார். "நான் இல்லாத ஒன்பது மாசத்திலை?"

நான் முழுக்கதையையும் சொன்னேன். இவர் கட்டிலில் விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையார் ஊரில் நின்றுவிட்டாரே!

கடிதம் போட்டேன். பதில் வரும் மட்டும் வேட்டி சும்மா கிடப்பானேன் என்று, சின்னவனுக்கு அதில் ஏணைத் தொட்டில் கட்டினேன். நல்ல உரமான வேட்டி. தகப்பன் ஆட்டினால்தான் நித்திரை என்கிற அளவுக்குப் பிள்ளை தகப்பனோடு ஒட்டினதும் அந்த ஏணையில்தான்.

ஒன்றரை மாதத்தில் பூமணி அக்காவின் கடிதம் வந்தது.

"பிள்ளை, அந்தப் பை மேற்கு வளவு அம்பலவாணருடையது. கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பிலை மகன் வீட்டை போக வைச்சவர். இப்ப போகமாட்டன் எண்டு நிக்கிறார். தன்ரை பயணம் ஆபிரிக்காவுக்குப் போயிட்டுதாம். அது திரும்பி வந்தாத்தான் தான் கொழும்புக்குப் போகலாமாம். நாங்கள் சொல்லியும் கேக்கிறாரில்லை."

ஒரு கிழவனின் கண் என்னால் கெட்டால் எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது? அன்றைக்கே ஏணையை அவிழ்த்துத் தோய்த்து, சால்வையும் உரலும் சேர்த்துப் பார்சல் கட்டினேன். கப்பலில் போன பார்சல். நாலு மாதம்.

அதற்குள் கொழும்பிலிருந்து எனக்கு இன்னொரு கடிதம் வந்தது. முன்பின் தெரியாத கையெழுத்து. அம்பலவாணரின் மருமகள். மாமாவின் பயணம் தள்ளிப்போனதைக் குறித்து மிகவும் கவலைப்படுவதாகவும், நான் பார்சல் அனுப்ப அவசரப்பட வேண்டாம் என்றும், எங்கள் குடும்பத்துக்காகத் தான் கோயிலில் அருச்சனை செய்ததாகவும் எழுதியிருந்தா.

கடைசியில் ஊர்ச்சனம் கரைச்சல் கொடுக்க, அம்பலவாணர் யாழ்ப்பாணத்திலேயே கண்ணைக் காட்டி ஒப்பரேசன் செய்தார். சுகமாகிக் கட்டு அவிழ்த்த கிழமைதான் என் பார்சல் போய்ச் சேர்ந்தது. தெளிவாகத் தெரிந்த கண்ணால் அவர் முதல் கண்டது, வேட்டியின் நடுவில் என் மகன் வைத்த மஞ்சள் கறையைத்தானாம். "ஆபிரிக்காவிலை மண் மஞ்சள் போலை" என்றாராம்.

இப்போது சின்னவனுக்கே மூன்று பிள்ளைகள். அவர்கள் பயணம் போகும்போது இன்றைக்கும் நல்ல நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் ஒரு பை வைப்பிக்கிறேன். உள்ளே முகம் துடைக்கிற ஒரு பழைய துவாய்.

பிள்ளையாருக்கு அது போதும், பாஸ்போட் கேட்கிறவர் வேறு ஆள்.