ஐந்தடி ஏழு அங்குலம்

ஆண்கள் எடையைக் குறைத்துச் சொல்வதுண்டு. நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை. என் பொய் உயரத்தில் இருந்தது. அது பொய் என்பதே எனக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை.

பினாங்கு துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டும் வேலையில் இருந்தேன். கிரேன் ஓட்டும் வேலைக்கு உயர்வு வந்தது. மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வரும் எண் இருபத்தேழைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த இடம் அடுத்தவனுக்கு. அதற்குள் என் மனைவி தேவி, நான் கிரேன் ஏறிவிட்டதாகவே தன் அப்பாவுக்கு ஃபோன் போட்டுவிட்டாள்.

என் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், அதாவது நூற்றெழுபது சென்டிமீட்டர். கணக்குப்படி எழுபத்தெட்டு கிலோ வரை இருக்கலாம். நான் எண்பத்து மூன்று. ஆறு வாரம் வாயைக் கட்டினேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் குழம்பு மணக்கும் நாசி கண்டார் சோற்றுக் கடைகளை மூச்சடக்கியே கடந்தேன். (நீச்சல் தெரியாதவனுக்கு அது சாதனைதான்.)

கிளினிக்குக்குத் தேவியும் வந்தாள். பெல்ட், கடிகாரம், மோதிரம், கடைசியாக இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணையும் கழற்றி அவள் கைப்பையில் போட்டேன். அடுத்து சட்டைப் பொத்தானில் கை வைத்தேன்.

"அண்ணே, சட்டை இருக்கட்டும்லா," என்றார் நர்ஸ்.

எழுபத்தேழரை! போன உயிர் திரும்பி வந்தது.

"இப்ப செவுத்தோரமா நில்லுங்க. உயரம் பாக்கணும்."

"நூத்தி எழுபதுன்னு எழுதிக்குங்க."

"அளக்காம எழுத முடியாதுலா, அண்ணே."

தலைக்கு மேலிருந்த கட்டை இறங்கியது. நான் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டியும் இறங்கியது.

"நூத்தி அறுபத்தஞ்சு."

"இன்னொரு தடவை பாருங்க!" மெல்லக் குதிகாலைத் தூக்கினேன்.

"குதிகால் கீழ, அண்ணே."

அதே நூற்றறுபத்தைந்து. நர்ஸ் கால்குலேட்டரைத் தட்டினார். இருபத்தெட்டரை. ஆறு வாரப் பட்டினியும் பாழ்.

"அஞ்சடி ஏழுன்னு உங்களை யாரு அளந்தது?" என்றாள் தேவி.

யோசித்தேன். யாரும் அளக்கவில்லை. பெண் தேடும்போது ஜாதகத்தோடு அம்மா எழுதிக் கொடுத்த விவரத்தாளில் இருந்த உயரம் அது. பெண் வீட்டார் நம்பினார்களோ இல்லையோ, எட்டு வருடமாக நான் நம்பியிருக்கிறேன். தேவிக்கும் அதே நேரத்தில் விளங்கிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இருபத்தேழே அதிகம். நம்ம ஆளுங்க இருபத்து மூனுக்குக் கீழ இருந்தாத்தான் நல்லது," என்று டாக்டர் வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார்.

அந்த இடம் அடுத்தவனுக்கே போனது. அன்றைக்கு வீடு வந்ததும் தேவி தன் அப்பாவுக்கு மறுபடியும் ஃபோன் போட்டாள். மறு வருடம், எழுபத்திரண்டு கிலோவில், உண்மையான உயரத்தோடு கிரேன் ஏறினேன்.

ஆனால் மாமனார் வீட்டில் கிரேனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இப்போது என் மைத்துனிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஜாதகம் வந்தால் மாமனார் நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்பே தரகரிடம் கேட்கிறார்:

"இது அளந்த உயரமா, இல்ல நம்ம பெரிய மாப்பிள்ளை மாதிரி அம்மா எழுதின உயரமா?"