நுரை போதவில்லை

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் கிடைக்கிற ஒரே மேட்டுக்குக் கீழே, ஒரு மடு இருந்தது. மடுவில் ஒரு முதலை இருந்தார். பெயர் மடுக்கிழார். வயதானவர், பொறுமைசாலி. கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பார். மான்குட்டி தண்ணீர் குடிக்கக் குனிந்ததும் கவ்விவிடுவார். அவர் தொழிலில் இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. சொல்வதற்கு யாரும் மிஞ்சியதில்லை என்பது வேறு விஷயம்.

பொட்டம்மா என்ற புள்ளிமானின் மூத்த மகள் போன கோடையில் அப்படித்தான் போனாள். இப்போது இளையவள் சிமிழி வளர்ந்து வந்தாள். மழைக்குட்டைகள் வற்றியதும் அவளும் மடுவுக்குத்தான் வந்தாக வேண்டும். அந்த நினைப்பிலேயே பொட்டம்மாவுக்குத் தொண்டையில் புல் இறங்கவில்லை.

மந்தையின் பெரியவர்கள் முதலையைப் பற்றி வாயால் சொல்லிப் பார்த்தார்கள். குட்டிகள் காதில் வாங்கவில்லை. மரக்கட்டையைக் காட்டி, முதலை இப்படித்தான் கிடக்கும் என்று பழக்கினார்கள். அதற்குப் பிறகு குட்டிகள் எந்தக் கட்டையைக் கண்டாலும் ஓடின, காடோ முழுக்கக் கட்டை. கடைசியில் மான்கள் கூடிப் பேசி, இந்தக் காலத்துக் குட்டிகளுக்கு வீடியோ கேம்தான் மண்டையில் ஏறும் என்று முடிவெடுத்தன. திரையில் ஒரு மடு, அதற்குள் ஒரு முதலை. கண்டுபிடித்தால் பிழைக்கலாம். கோட்டை விட்டால் மறுபடி முதலிலிருந்து விளையாடலாம். அந்த 'மறுபடி'தான் பொட்டம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வேலை ஓடையப்பன் என்ற நீர்நாயிடம் போனது. அவன் பட்டணத்தில் ஒரு கேம் கம்பெனிக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் வளர்ந்தவன். ஜன்னல் வழியாகப் பார்த்தே தொழிலைக் கற்றான். கம்பெனி மூடியபோது, யாரும் எடுக்காத ஒரு மடிக்கணினியை வாயில் கவ்விக்கொண்டு காட்டுக்கு வந்துவிட்டான்.

"தம்பி, மழைக்குட்டை வத்துறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருவியா?" என்று கேட்டாள் பொட்டம்மா.

"முதலை பொம்மையா அக்கா? அது அரை நாள் வேலை. கேம் எஞ்சின்ல தூக்கிப் போட்டா நீந்தும். தண்ணிதான் கஷ்டம். தண்ணி தண்ணி மாதிரி இருந்தாத்தானே குட்டிங்க நம்பும்?"

பொட்டம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் படுகிற பேச்சில்தான் காரியம் கெடும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

திரையில் ஒவ்வொரு புள்ளியும் என்ன நிறத்தில் தெரிய வேண்டும் என்று உத்தரவு போடுகிற குட்டி நிரலுக்கு ஷேடர் என்று பெயர். ஓடையப்பன் தண்ணீருக்கு ஒரு ஷேடர் எழுதினான். பெரிய அலை, அதன் மேல் சின்ன அலை, அதற்கும் மேல் சிலிர்ப்பு என்று அடுக்கினான். பார்த்தவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அத்தோடு விட்டிருக்கலாம்.

மீன்கொத்தி வந்து எட்டிப் பார்த்தது. "நேரா மேலேருந்து பாத்தா அடிமணல் தெரியணும். சாய்ஞ்சு பாத்தா வானம் தெரியணும். உன்னுது எப்படிப் பாத்தாலும் வானமாவே இருக்கே!" ஓடையப்பன் முழுதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினான். காட்டெருமை வந்து, "நான் எறங்கினா கலங்க வேணாமா?" என்றது. மறுபடி எழுதினான். குறை கேட்டால் அவனுக்கு மீன்கூட வேண்டாம். கடைசியில் மான்குட்டிகளையே வரிசையாக உட்கார வைத்து, குறை கண்டுபிடிக்கச் சொல்லிப் பழக்கினான். அதில் சிமிழிக்குத்தான் கண் கூர்மை.

"மாமா, கல்லு தண்ணியத் தொடுற எடத்துல நுரையே இல்ல. தனியா செஞ்சு ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு" என்பாள். ஓடையப்பன் பூரித்துப்போவான்.

பொட்டம்மா வருகிறபோதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாள். "முதலை எங்கப்பா?"

"நுரை முடியட்டும் அக்கா."

குட்டை வற்றியது. கேம் வெளியானது. திரையில் மடு பளபளத்தது. அலை கரையைத் தொட்டுத் திரும்பியது, கல்லைச் சுற்றி நுரை பூத்தது, மேகம் நடுங்கியது. முதலையைக் காணோம்.

"அடுத்த பதிப்புல வந்துரும் அக்கா" என்றான் ஓடையப்பன்.

பொட்டம்மா வெடித்துவிட்டாள். "என் மூத்தவளக் கவ்விட்டுப் போனது நுரையாடா? பாவி! இன்னிக்கி இவ தண்ணிக்குப் போறா, இவ போய்ட்டா எந்தப் பதிப்புல திரும்பி வருவா?" அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். ஆனாலும் ஓரக்கண் நுரையின் மீதே இருந்தது.

தாகம் யாருக்காகவும் காத்திருக்காது. உச்சிவெயிலில் மந்தை மடுவுக்கு இறங்கியது. முந்திக்கொண்டு ஓடியது சிமிழி. பின்னால் பொட்டம்மா வந்தாள். மடுக்கிழார் வழக்கம்போல் அசையாமல் கிடந்தார். சிமிழி கரையில் நின்று குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கோளாறு" என்றாள்.

மடுவில் ஒரு கண் இமைத்தது.

"ரெண்டு கண்ணும் தண்ணியத் தொடுற எடத்துல நுரை இல்ல. ஒரு சின்ன வளையம்கூட இல்ல. சும்மா ஒட்ட வெச்சிருக்காங்க."

மடுக்கிழாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறந்தது கவ்வுவதற்குத்தான். ஆனால் பேச்சு முந்திக்கொண்டது. "யாரு, என்னையா சொல்ற? நான் நெஜம்மா!"

"எல்லாரும் அப்படித்தான் தாத்தா சொல்லுவாங்க. ஓடையப்பன் மாமாவும் மொதல்ல அப்படித்தான் சொன்னாரு."

"அசையாமக் கெடக்குறதுதான் என் தொழிலே!"

"அதான் தப்பு. தண்ணின்னா அசையணும்."

ஓடு என்று கத்த வாயெடுத்த பொட்டம்மா, வாயை மூடிக்கொண்டாள். ஏனென்றால் மடுக்கிழார் முகம் சுருங்கி, மெல்ல உடம்பை ஆட்டத் தொடங்கியிருந்தார்.

"இப்போ?"

"நுரை வருது. ஆனா துணி துவைச்ச தண்ணி மாதிரி இருக்கு. கொஞ்சம் கொறைங்க."

குறைத்தார். "இப்போ?"

"முதுகு நனைஞ்சிருக்கு, ஆனா மினுக்கல் பத்தல. வெயில் பக்கமா திரும்புங்க."

திரும்பினார். இத்தனை காலம் ஒளிந்து கிடந்த உடம்பு மூக்கிலிருந்து வால்வரை வெயிலில் தெரிந்தது. குட்டிகள் எல்லாம் அன்றைக்குத்தான் முதலையை முழுசாகப் பார்த்தன. அதற்குள் மந்தை எதிர்க்கரைக்குச் சுற்றிப்போய், வயிறு முட்டக் குடித்துவிட்டு மேடேறியது. சிமிழியும் ஓடிப்போய் அங்கே குடித்துவிட்டு வந்தாள். போகிறபோது, "வால் பக்கம் இன்னும் சரியா வரல தாத்தா, நாளைக்கிப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மேட்டின் மேல் பொட்டம்மா மகளை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மறுநாளிலிருந்து, தண்ணீருக்குப் போகிறபோதெல்லாம் குறை சொல்ல ஒரு குட்டியை முன்னால் அனுப்புவது மந்தையின் வழக்கமாயிற்று.

விஷயம் கேள்விப்பட்டு ஓடையப்பன் மடிக்கணினியோடு மடுவுக்கு ஓடி வந்தான். இருவரும் கரையில் உட்கார்ந்து நாள் முழுக்க நுரையைப் பற்றியே பேசினார்கள். மடுக்கிழார் பாதியாக இளைத்துவிட்டார். பசி நேரத்தில் ஓடையப்பன் பிடித்துத் தருகிற மீனை, எதைத் தின்கிறோம் என்று கவனிக்காமலே விழுங்கினார்.

ஒருநாள் பொட்டம்மா வந்து, "ஏன் தம்பி, இப்பவாவது இவர அந்த கேம்ல போட்டுத் தொலையேன்" என்றாள்.

ஓடையப்பன் பதில் சொல்வதற்குள் மடுக்கிழார் வெட்கத்தோடு தண்ணீருக்குள் நகர்ந்தார். "அவசரப்படாத தாயி. நான் இன்னும் சரியா வரல."

நீதி: உன்னைத் தின்ன வருகிறவனைக் கண்டு ஓடாதே, நின்று குறை சொல். அவன் திருந்தி வருவதற்குள் நீ தண்ணீர் குடித்துவிட்டு வீடு போய்ச் சேரலாம்.