சாம்பார் வாளி பார்த்த பொருத்தம்

எனக்கும் யமுனாவுக்கும் பத்துப் பொருத்தத்தில் எட்டு இருப்பதாகத் திருச்சியில் ஒரு ஜோசியர் சொல்லிவிட்டார். மீதி இரண்டையும் மொன்றியலில் ஒரு சாம்பார் வாளி பார்த்தது. அந்த வாளியை நேருக்கு நேர் பார்க்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இங்கே படிக்க வந்த புதிதில் நாங்கள் நான்கு பேர் வில்லரே பக்கம் ஒரு 'மூன்றரை'யில் குடியிருந்தோம். இந்த ஊரில் வீட்டை அறைக் கணக்கில்தான் சொல்வார்கள். அந்த அரை என்பது குளியலறை. (நான்கு பேருக்கு மூன்றரை என்றால் தலைக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். பங்கு பிரிக்கும்போது அந்த அரை பெரும்பாலும் எனக்குத்தான் வந்தது.) வீட்டுச் சாமான் முழுக்கத் தெருவில் பொறுக்கியது. ஜூலை முதல் தேதி ஊரே வீடு மாறும். தூக்க முடியாததையெல்லாம் நடைபாதையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி வந்த எங்கள் சோபாவுக்கு ஒரு கால் குறைவு. அந்த இடத்தில் என் முதல் செமஸ்டர் பாடப்புத்தகங்கள் நின்றன. அவற்றுக்கு அதைவிட உருப்படியான வேலையை நான் கொடுத்ததில்லை. வாடகையில் ஹீட்டர் அடக்கம் என்று தெரிந்ததும், ஜனவரியில் அதை முழுசாகத் திருகிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து சென்னை மே மாதத்தை அனுபவித்தோம்.

சாப்பாட்டுக்குப் பார்க் எக்ஸ்டென்ஷனில் சிவம் அண்ணையின் கடை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒருமுறை சென்னைக்குப் போனவர், அங்கே ஓட்டலில் மேசைக்கு மேசை சாம்பார் வாளி வைத்திருப்பதைப் பார்த்து மயங்கிப்போய், எவர்சில்வர் வாளிகளும் கரண்டிகளும் வாங்கிவந்து தன் கடையிலும் வைத்துவிட்டார். வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம். அவருடைய வாடிக்கையாளர்கள் நாகரிகமானவர்கள். ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு வாளியை மூடிவிடுவார்கள்.

பிறகு நாங்கள் வந்தோம்.

ஒரு மசாலா தோசை, நான்கு பேர், ஒரு வாளி. தோசை என்பது உள்ளே நுழைவதற்கு நாங்கள் எடுக்கும் டிக்கெட், சாப்பாடு சாம்பார்தான். கையை நனைத்தால் முழங்கை வரை நனைய வேண்டும் என்பது எங்கள் கொள்கை. சிவம் அண்ணை கல்லாவில் இருந்தபடியே, "தம்பி, சாப்பிடுறியளோ, குளிக்கிறியளோ?" என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். ஒருநாள் நான் பிளாஸ்க்கோடு போனேன். (அறையில் நண்பன் காய்ச்சலில் கிடக்கிறான், அவனுக்கு என்றேன். அவன் அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.)

அடுத்த வாரம் எல்லா மேசைகளிலிருந்தும் வாளிகள் காணாமல் போயின. பதிலுக்கு, குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கு அளவில் ஒரு கிண்ணம் வந்தது. கடைக்கு வரும் சனம் எனக்கு 'வாளிப் பெடியன்', அதாவது வாளிப் பையன், என்று பெயர் வைத்தது. சிவம் அண்ணையின் மனைவி ராணி அக்கா மட்டும், அவர் பார்க்காத நேரத்தில் சமையலறையிலிருந்து வந்து, என் தட்டில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார்.

பிறகு படிப்பு முடிந்தது, ஐடி வேலை கிடைத்தது, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எனக்கே எனக்கென்று ஒரு வீடு அமைந்தது. அலுவலகத்தில் யமுனாவும் கிடைத்தாள். ஜாதகமும் ஒத்துப்போனதும், என்னை நேரில் பார்க்க அவளுடைய அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து வந்து இறங்கினார்கள்.

அவள் அப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். அது அவருடைய மூத்த மாப்பிள்ளை. பெங்களூரில் இருக்கிறார். ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர். மகன் பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதியவுடன் பிடுங்கிக் கழுவி, அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கிறவர்.

"ஒரு கஞ்சனே இந்தக் குடும்பத்துக்குப் போதும். இன்னொருத்தன் கையில என் பொண்ணக் குடுக்க மாட்டேன்னு அப்பா சொல்லிட்டார். உன் ஸ்டூடண்ட் லைஃப் பத்தி வாயத் தொறந்த, கல்யாணம் அவ்வளவுதான்," என்று யமுனா எச்சரித்திருந்தாள்.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நான் திறந்து பொய் சொன்னேன். மாணவனாக இருந்தபோதே தனி வீட்டில் சௌகரியமாக இருந்ததாகச் சொல்லிவிட்டு, "சாப்பாட்டு விஷயத்துல மட்டும் நான் கணக்கே பாக்க மாட்டேன் அங்கிள்," என்றேன். (இந்த ஒரு வரி உண்மை. எத்தனை கரண்டி என்று நான் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.)

அதை நிரூபிக்க அவர்களை நகரத்தின் பெரிய பெரிய உணவகங்களுக்கு அழைத்துப் போனேன். குடை அளவு தட்டில் மூன்று இலையும் ஒரு சொட்டுப் பச்சைத் திரவமும் வைத்துத் தருவார்கள். யமுனாவின் அப்பா அதை அனுதாபத்தோடு பார்ப்பார். ஒரு சனிக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்தவர் முகமெல்லாம் மலர்ச்சியாகக் கேட்டார்:

"தம்பி, பார்க் எக்ஸ்டென்ஷன்ல ஒரு கடையாம். தோசை அப்படியே நம்ம ஊரு மாதிரி இருக்குமாம். தெரியுமா?"

"கேள்விப்பட்டதே இல்ல அங்கிள்," என்றேன்.

"அப்ப நாளைக்கு மத்தியானம் அங்கதான்."

வெளியே வந்து சிவம் அண்ணைக்குப் போன் போட்டேன்.

"அண்ணை, நாளைக்கு நான் வந்தா என்னைத் தெரியாத மாதிரி இருக்கணும்."

"ஏன்டாப்பா, ஆருக்கும் அடிச்சுப் போட்டியோ?"

"பொண்ணு வீட்டுக்காரங்கள கூட்டிட்டு வர்றேன்."

"அது அதைவிட ஆபத்தெல்லோ! ஓம் ஓம், நீ ஒண்டுக்கும் யோசியாத. சத்தியமா ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். என்ர மனிசிக்கும் சொல்லமாட்டன். அதுசரி, உன்ர பேர் என்ன?"

"விளையாடாதீங்க அண்ணை."

"பாத்தியே, இப்பவே எனக்கு உன்னைத் தெரியாது."

மறுநாள் வெளியே எலும்பு வரைக்கும் குளிர். யமுனாவின் அப்பா கோட்டும் சூட்டுமாக வந்திருந்தார். கதவைத் திறந்ததும் சிவம் அண்ணை கல்லாவை விட்டு ஓடிவந்தார்.

"வாங்கோ ஐயா, வாங்கோ அம்மா, வா பிள்ளை!" என்றவர், என் பக்கம் திரும்பி, என்னை மேலிருந்து கீழாக அளந்தார். "இந்தத் தம்பி ஆர்? என்ர சீவியத்தில நான் இவரைக் கண்டதேயில்லை. ஒருக்காலும் இல்லை. கனவிலகூட இல்லை!"

யாரும் அவரைக் கேட்கவில்லை.

பேச்சை மாற்ற, "கை கழுவிட்டு வந்துடலாம் அங்கிள்," என்று நடந்தேன். அந்தக் கடையில் கை கழுவும் இடம் பின்பக்கம், அரிசி மூட்டைகளைத் தாண்டி, ஒரு இருட்டு நடையில். நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய் தலைமட்டத்தில் போகும். நான் சரியான இடத்தில் குனிந்து, பார்க்காமலே கையை நீட்டி, மூட்டைக்குப் பின்னால் இருந்த சுவிட்சைப் போட்டேன். பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம்.

"தம்பி," என்றார் அவர், நெற்றியைத் தடவியபடி. "முதல் தடவை வர்ற கடையில கரெக்டா குனிஞ்சீங்களே, எப்படி?"

"ஒரு உள்ளுணர்வு அங்கிள்."

உட்கார்ந்ததும் தாராளத்தைக் காட்டத் தொடங்கினேன். ஆளுக்கொரு மசாலா தோசை, நடுவில் வடை, பொங்கல், பூரி. சிவம் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் ஒன்றுக்கு மேல் தோசை கேட்டது அன்றுதான்.

தோசை வந்தது, சங்குக் கிண்ணமும் வந்தது. யமுனாவின் அப்பா ஒரு விள்ளல் தோய்த்தார். கிண்ணம் காலி.

"என்னங்க, சாம்பார் இவ்வளவுதானா? வாளியில வைக்க மாட்டீங்களா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. சிவம் அண்ணையின் மூக்கு விடைத்தது.

"வைச்சனான் ஐயா! மேசைக்கு மேசை வைச்சனான். நாலு பெடியள் வந்தாங்கள். நாலு பேருக்கும் ஒரு தோசை. வாளியைக் கவிட்டு, தட்டிப் பாத்திட்டுத்தான் எழும்புவாங்கள். அதில ஒருத்தன்…" அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. "நான் பேர் சொல்லமாட்டன். சத்தியம் பண்ணிட்டன். அந்த ஒருத்தன் ஒருநாள் பிளாஸ்க்கோட வந்தான் ஐயா, பிளாஸ்க்கோட!"

"அட கர்மமே," என்றார் யமுனாவின் அப்பா. "இப்படியும் ஒருத்தன் இருப்பானா? என் பெரிய மாப்பிள்ளைக்கு அண்ணனா இருப்பான் போல."

"ரொம்ப மோசம் அங்கிள்," என்றேன் நானும். (தட்டில் தலையை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தியபடி.)

"அவன் இப்ப எங்க இருக்கான்?"

"அவனுக்கென்ன ஐயா, ஐடியில வேலை. பொம்பிளை பாக்கினமாம்."

மேசைக்கு அடியில் யமுனா என் முழங்காலில் உதைத்தாள். பனிக்கால பூட்ஸ் எவ்வளவு உறுதியானது என்று அன்றைக்குத் தெரிந்தது.

சிவம் அண்ணை சத்தியத்தைக் காப்பாற்றியவர். மனைவியிடமும் சொல்லியிருக்கவில்லை. சமையலறைத் திரை விலகியது. ராணி அக்கா வந்தார். கையில் பழைய எவர்சில்வர் வாளி, விளிம்பு வரை சாம்பார்.

"எட, நீயே! எவ்வளவு நாளாச்சு! உன்ர குரலைக் கேட்டிட்டுத்தான் வாளியைத் தேடி எடுத்தனான். மனுசன் கிடக்கட்டும், நீ வடிவாச் சாப்பிடு ராசா!"

'ணங்' என்று அதை என் முன்னால் வைத்தார்.

அந்த நொடியில் ஒரு புத்திசாலி சிரித்திருப்பான், ஒரு நல்லவன் உண்மையைச் சொல்லியிருப்பான். நானோ, "இது எங்களுக்கு இல்லீங்க, வேற டேபிளுக்கு," என்று வாளியைத் தள்ளினேன். வாளியின் பிடி என் ஸ்வெட்டர் கையில் மாட்டிக்கொண்டது. ஒரு வாளி சாம்பார், முருங்கைக்காய் உட்பட, வருங்கால மாமனாரின் மடியில் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, கொதிக்கும் சூடில்லை. ஆனால் அளவில் ஒரு குறையும் இல்லை.

அவர் எழுந்து, நேராகக் கதவை நோக்கி நடந்தார். என் கல்யாணமும் அவர் பின்னாலேயே நடந்து போனது.

"ஐயா, நில்லுங்கோ!" சிவம் அண்ணை குறுக்கே பாய்ந்தார். "உந்த ஈரத்தோட வெளியில போனியளெண்டா காற்சட்டை பலகை மாதிரி விறைச்சிடும். பேந்து இருக்கவும் ஏலாது, நடக்கவும் ஏலாது. கழட்டித் தாங்கோ, காயவிடுவம். நான் சாரம் தாறன்."

குளிர் அவரைத் திரும்பி வரவைத்தது. மேலே கோட்டும் டையும், நடுவில் சிவம் அண்ணை சாரம் என்று சொன்ன நீலக் கட்டம் போட்ட லுங்கி, கீழே பூட்ஸுமாக வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பேண்ட் ஹீட்டர் மேல் காய்ந்தது. காயக் காயக் கடை முழுக்க மணத்தது. உள்ளே வந்த ஒருவர், "இண்டைக்குச் சாம்பார் நல்ல வாசமா இருக்கு அண்ணை," என்றுவிட்டுப் போனார்.

விசாரணை ஆரம்பமானது.

"அந்த பிளாஸ்க் உங்களோடதா?"

"ஆமா அங்கிள்."

"எவ்வளவு புடிக்கும்?"

"ஒரு லிட்டர்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பெரிய மாப்பிள்ளையே அரை லிட்டரோட நிறுத்திக்குவான்."

அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"ஒரு தோசைய நாலு பேருக்கு யாரு பிரிப்பா?"

"நான்தான் அங்கிள்."

"ஐயா, அதில நான் ஒண்டு சொல்லவேணும்," என்று ராணி அக்கா இடையில் புகுந்தார். "மொறுமொறுத்த கரையெல்லாம் மற்றப் பெடியளுக்குக் குடுத்திட்டு, நடுவில ஊறிக் கிடக்கிற துண்டைத்தான் இவன் எடுப்பான். ஒருநாளும் கரை எடுத்து நான் காணேல்லை. எனக்கு அதைப் பாக்க நெஞ்சு உருகும்."

யமுனாவின் அப்பா என்னை நெடுநேரம் பார்த்தார். "பசியில இருக்கறப்பவும் நல்லத அடுத்தவனுக்குக் குடுத்திருக்கான்," என்றார் மெதுவாக, மனைவியிடம். "இவன் கஞ்சன் இல்ல. கஷ்டப்பட்டவன்."

(மசாலா தோசையின் நடுவில் என்ன இருக்கும் என்று அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் தோன்றவில்லை. உருளைக்கிழங்கு என்று ஞாபகப்படுத்த எனக்கும் தோன்றவில்லை.) நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சற்று நேரம் கழித்து அவர் சொன்னார்: "மாப்ள, பேண்ட் காஞ்சிருச்சான்னு பாருங்க."

என்னை அவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஹீட்டரை நோக்கி நான் போன வேகத்தில் ஒரு நாற்காலி விழுந்தது.

கல்யாணமான முதல் மாதமே, தோசை பிரிக்கும்போது யமுனா கண்டுபிடித்துவிட்டாள். கையிலிருந்த வெறும் கரையைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள், நேராகத் திருச்சிக்குப் போன் செய்தாள். மறுமுனையில் அவள் அப்பா எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டார். பிறகு, "சரி, வச்சிடு," என்று மட்டும் கேட்டது.

அடுத்த முறை வந்தபோது, விமான நிலையத்திலிருந்து நேராகச் சிவம் அண்ணையின் கடைக்கு விடச் சொன்னார் மாமா. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மசாலா தோசை சொன்னார். வந்ததும் தன் கையாலேயே பிரித்தார். கரைகளை எங்கள் தட்டுகளில் வரிசையாக வைத்துவிட்டு, நடுத்துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இத்தன வருஷம் நீங்க தியாகம் பண்ணிட்டீங்க மாப்ள. இனிமே நான் பண்றேன்."

அன்றிலிருந்து அவர் இங்கே இருக்கும் மாதங்களில் நான் உருளைக்கிழங்கைக் கண்ணால்தான் பார்க்கிறேன். சாம்பாருக்கு மட்டும் தடையில்லை. எங்களைக் கண்டதும் ராணி அக்கா வாளியோடு வருவார். அவருக்குப் பின்னாலேயே சிவம் அண்ணை, மடித்த சாரத்தோடு வருவார்.