பல்பொடி டப்பாவில் காந்தக்கல்

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடாது. இதைப் பெருமையாக நினைத்துத் திரிந்த காலத்தில்தான் என் உத்தியோகம் போயிற்று.

எழுபதுகளின் தொடக்கம். அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் தற்காலிக உதவியாளர். சாயக் கழிவுநீரில் காந்தக்கல் பொடியைப் போட்டுக் கலக்கினால் சாயம் பொடியில் ஒட்டிக்கொள்ளும். வெளியே காந்தத்தை வைத்தால் பொடி சாயத்தோடு ஓரமாக வந்துவிடும், தண்ணீர் தெளியும். அதிகாரிகள் முன்னால் இதைச் செய்துகாட்டினால் வேலை நிரந்தரம். சேலத்துக் கல்லை மூன்று வாரம் கையால் இடித்து, மல்துணியில் சலித்தேன். (உள்ளங்கைக் காய்ப்பு இன்னும் இருக்கிறது.)

மழைக்காலம். ஆய்வுக்கூடம் முழுக்க ஈரம். செய்துகாட்டுவதற்கு முதல் நாள் மாலை பொடியை மந்தைவெளி வீட்டுக்குக் கொண்டுவந்து, உலரட்டும் என்று கொல்லைப்புற ஜன்னலில் வைத்தேன். எதில்? காலிப் பல்பொடி டப்பாவில். (எம்.எஸ்ஸி. படித்த மூளை!) ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. காலையில் டப்பா ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று யோசிக்கவும் இல்லை.

அதிகாரிகள் சுற்றி நிற்க, நீலச் சாயத் தண்ணீரில் டப்பாவைக் கவிழ்த்துக் கலக்கினேன். காந்தத்தை வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. தண்ணீர் கன்னங்கரேலென்று ஆனது. அறை முழுக்கக் கிராம்பு வாசனை.

"இன்னாம்மா இது, மொதல்ல இருந்ததே தேவலாம் போல கீதே" என்றார் அட்டெண்டர் தாஸ். ஓர் அதிகாரி முகர்ந்து பார்த்து, தன் வீட்டிலும் இதே பல்பொடிதான் என்றார். மாதக் கடைசியில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செய்துகாட்டிய அன்று மாலையே அத்தானைப் பிடித்தேன். அக்காவின் கணவர், தென்காசிக்காரர், தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை, எங்களோடு அதே வீட்டில் வாசம். பல் தேய்க்க எடுத்தாராம். பிரமாதமாகத் தேய்ந்ததாம். டப்பா கைநழுவிச் சாக்கடையில் கொட்டிவிட்டதாம். சத்தமில்லாமல், அதே கறுப்பில் இருந்த தன் கரிப் பல்பொடியை நிரப்பி வைத்துவிட்டார்.

"ஏன் அத்தான் எங்கிட்ட சொல்லல?"

"நீ சத்தம் போடுவேல்லா, அதான்."

போட்டேன். தெருமுனைவரை கேட்டது. அவர் அக்காவிடம் திரும்பி, "பாத்தியா, நான் சொன்னேம்லா" என்றார். மூன்று வார உழைப்பைச் சாக்கடையில் விட்ட மனுஷன் என் கோபத்தையே சாட்சிக்கு இழுத்தார். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் பொய் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

அத்தானுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு பல் விழவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "எல்லாம் செல்வி இடிச்ச பொடிலா" என்கிறார். குடும்பமே சிரிக்கிறது. நான் கத்துவதற்காக வாயைத் திறக்கிறேன். மேல்வரிசைப் பல்செட்டு கழன்று தட்டில் விழுகிறது.